‘பிளாக் பியூட்டி’யைச் சுருக்கும்போது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் சிறுவர் நூல்களைப் பற்றி வந்த கட்டுரை, அன்னா சூவெல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’யை ‘ஒரு குதிரையின் சோகக் கதை’ என்று ஒரே வரியில் கடந்துபோகிறது. 1877 நவம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தபோது அது சிறுவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூலே அல்ல. குதிரைக்காரர்களும் வண்டிக்காரர்களும் படிக்க வேண்டும் என்றுதான் அவர் எழுதினார். 14 வயதில் சறுக்கி விழுந்து கணுக்கால் கெட்டுப்போனதால், வெளியே போகவர குதிரை வண்டியையே நம்பி வாழ்ந்தவர். கடைசி ஆறேழு ஆண்டுகள் நோயில் படுத்தபடி எழுதிய அவருடைய ஒரே நாவல் இது. வெளிவந்து ஐந்து மாதத்தில் இறந்துவிட்டார்.

நம் கடைகளில் கிடைக்கும் சுருக்கப் பதிப்புகள் கண்ணீரை வைத்துக்கொண்டு வேலை நுணுக்கத்தை வெட்டிவிடுகின்றன. முதலில் வெட்டுப்படுவது ‘பேரிங் ரெயின்’.

அது ஓட்டுகிறவர் கையில் இருக்கும் லகான் அல்ல. வாயில் உள்ள கடிவாள இரும்பிலிருந்து கிளம்பி, முதுகுச் சேணத்தில் இருக்கும் கொக்கியில் போய் மாட்டும் தனி வார். அதை இழுத்து மாட்டிவிட்டால் குதிரையால் தலையைத் தாழ்த்த முடியாது. தலை நிமிர்ந்திருந்தால் வண்டிக்கு அழகு என்பது அக்காலச் சீமான் வீட்டு நாகரிகம். நாவலின் 22ஆம் அத்தியாயத்தில் வரும் சீமாட்டி, குதிரைகளின் தலையை இன்னும் உயர்த்தச் சொல்கிறாள். நாளுக்கு நாள், ஒவ்வொரு துளையாக வார் சுருக்கப்படுகிறது.

மேட்டில் பாரம் இழுக்கும் குதிரை கழுத்தை முன்னே நீட்டித் தாழ்த்தி, உடம்பின் எடையைக் கழுத்துப்பட்டையின் மேல் சாய்க்க வேண்டும். தலை கட்டுண்டிருந்தால் எடை முன்னே போகாது. முழுச் சுமையும் முதுகிலும் பின்னங்கால்களிலும் விழும். கழுத்து வளைந்து நிற்பதால் மூச்சு முட்டும். இரும்பு உறுத்தி வாயில் நுரை தள்ளும். அந்த நுரையைப் பார்த்து ‘என்ன துடிப்பான குதிரை!’ என்று மெச்சினார்களாம். இதை ஜிஞ்சர் என்ற பெண் குதிரை சொல்கிறது.

46ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். பாரவண்டி மேட்டில் பாதிக்கு மேல் ஏறி நின்றுவிடுகிறது. ஓட்டுபவன் சவுக்கால் விளாசுகிறான். வழியில் வந்த ஒரு பெண் அந்த வாரை அவிழ்க்கச் சொல்கிறாள். அவிழ்த்ததும் குதிரை உடனே இழுக்கவில்லை. தலையை முழங்கால் வரை இறக்கி, மேலும் கீழுமாகப் பலமுறை ஆட்டிக் கழுத்து வலியைத் தீர்த்துக்கொள்கிறது. பிறகுதான் கழுத்துப்பட்டையில் சாய்ந்து வண்டியை மேலே கொண்டுபோகிறது. குதிரையை அருகில் இருந்து கவனித்தவருக்கே எழுத வரும் இடம் இது.

மற்ற இடங்களிலும் இதே கண்டிப்புதான். லாயத்தில் ஈர வைக்கோலை அள்ளாமல் விட்டதால் குளம்பின் அடியில் உள்ள மெத்தென்ற சதை அழுகுகிறது. தினமும் கழுவி, மருந்தில் நனைத்த சணலை அதில் அடைத்து ஆற்றுகிறார்கள். இன்னோரிடத்தில், ஆணி தளர்ந்த லாடத்தைக் கவனிக்காமல் குடிபோதையில் விரட்டுகிறான் ஒருவன். கருங்கல் ஜல்லி கொட்டிய சாலையில் லாடம் கழன்று, குளம்பு பிளந்து, குதிரை முழங்கால் குத்தி விழுகிறது. அவன் உயிரே போகிறது.

ஒரு திருத்தத்தையும் சொல்ல வேண்டும். இரவில் மருத்துவரை அழைத்துவர ஓடிக் களைத்த குதிரைக்குச் சிறுவன் ஜோ குளிர்ந்த நீரையும் தீனியையும் கொடுத்து, போர்வை போடாமல் விட, அதற்கு நுரையீரல் அழற்சி வருகிறது. ஓடிய குதிரைக்குத் தண்ணீரே காட்டக் கூடாது என்று இதைப் படித்துவிட்டு இன்று யாரும் நம்ப வேண்டாம். வியர்த்த குதிரை தண்ணீர் குடிக்கலாம், குடிக்கத்தான் வேண்டும் என்பதே இன்றைய கால்நடை மருத்துவம். ஆனால் வியர்வை ஈரத்தோடு குளிரில் நிறுத்தியதும், களைப்பு ஆறுமுன் தீனி போட்டதும் இன்றைக்கும் தப்புதான்.

வண்டிக்காரனைக் கெட்டவனாக்கிச் சுருக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 39ஆம் அத்தியாயத்தில் வரும் சாம், வண்டிக்கும் இரண்டு குதிரைகளுக்கும் முதலாளியிடம் நாளுக்கு 18 ஷில்லிங் வாடகை கட்ட வேண்டும். அதை ஈட்டிய பிறகே அவன் வீட்டில் அடுப்பு எரியும். தினம் 14, 16 மணி நேரம் ஓட்டுகிறான். அவன் சவுக்கை எடுப்பதற்குப் பின்னால் அந்த 18 ஷில்லிங் இருக்கிறது. இந்த அத்தியாயத்தை எடுத்துவிட்டு, அடுத்ததில் வரும் ஜிஞ்சரின் சாவை மட்டும் வைத்தால் பிள்ளைகள் அழுவார்கள். ஏன் செத்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

மூலத்தில் 49 சிறு அத்தியாயங்கள். பெரும்பாலானவை நாலைந்து பக்கம்தான். தமிழில் முழுதாகக் கொண்டுவருவது பெரிய பாரமல்ல. சுருக்கித்தான் ஆக வேண்டுமென்றால் 22, 39, 46 ஆகியவற்றில் கை வைக்காதீர்கள் என்று பதிப்பகத்தாரை உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை