தடைக்கால 61 நாளும் பள்ளி ஹாலின் சாவியும்

புதுச்சேரி அரசின் கலை பண்பாட்டுத் துறைக்கும் பள்ளிக் கல்வி இயக்ககத்துக்கும்,

வணக்கம்.

கடலோர ஊர்களில் மக்களே எழுதி, தங்களுக்கான முகமூடிகளைத் தாங்களே செய்து, தங்கள் தெருவிலேயே நடிக்கும் நாடகத்துக்காக இந்த மடலை எழுதுகிறோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த 61 நாளும் வீராம்பட்டினம், நல்லவாடு, பனித்திட்டு போன்ற ஊர்களின் அரசுப் பள்ளி ஹாலை மாலையில் திறந்து விடுங்கள். மேடை, பந்தல், கேடயம் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

மற்ற மாதங்களில் விடியுமுன்னே கடலுக்குப் போகிறவரை இரவு ஒன்பது மணி ஒத்திகைக்குக் கூப்பிடுவது நியாயமில்லை. தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிகள் ஊரில் இருப்பார்கள். நடுவே பள்ளி விடுமுறை வருவதால் பிள்ளைகளும் இருப்பார்கள். நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. அந்தக் குடும்பங்கள் வழக்கம்போல் உழைக்கும். ஆகவே முக்கியப் பாத்திரம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரைப் பழக்க வேண்டும். ஒருவர் வராத நாளில் ஒத்திகை நிற்கக் கூடாது. மீன் விற்கும் பெண்கள் சந்தையை முடித்து, சமையலையும் முடித்து வர ஏழரை ஆகிவிடும். எனவே ஐந்தரையிலிருந்து ஏழு வரை பிள்ளைகளுக்கு, ஏழரையிலிருந்து ஒன்பது வரை பெரியவர்களுக்கு என்று இரண்டு வேளையாக ஹால் தேவைப்படும். ஆறு மணிக்குப் பூட்டிவிடும் ஹாலில் பெண்கள் இல்லாத நாடகம்தான் வரும்.

முதல் பத்து நாள் நடிப்பே கிடையாது. நாலு நாலு பேராக உட்கார்ந்து பேச, ஒருவர் எழுதுவார். சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும். கடலோடி ‘கொண்டல்’ என்று சொன்னதை எழுதுகிறவர் ‘கீழ்க்காற்று’ என்று திருத்தினால், மேடையில் அந்த இடத்தில் அவர் தடுக்கி விழுவார். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வசனத்தை மூன்று நிமிடத் துண்டுகளாகப் போனில் பதிந்து கொடுத்தால் போதும். நாற்பது நிமிட நாடகத்துக்கு மேல் முதல் ஆண்டில் ஆசைப்படக் கூடாது.

முகமூடி வேலைக்கும் இந்தப் பருவமே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் காகிதம் காயாது, பூஞ்சை பிடிக்கும். சித்திரை, வைகாசியில் மூன்று நாளில் காய்ந்துவிடும். காகிதக்கூழ் வேலைக்குத் திருக்கனூரும் சுடுமண்ணுக்கு வில்லியனூரும் புவிசார் குறியீடு பெற்றவை. களிமண்ணையும் கைப்பக்குவத்தையும் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

25 முகமூடிக்குப் பழைய செய்தித்தாளும் பிரவுன் தாளும் சேர்த்து ஆறு கிலோ, மைதா இரண்டு கிலோ, ஃபெவிகால் ஒரு கிலோ, சாக்பீஸ் பொடி, போஸ்டர் கலர், உள்பக்கம் ஒட்ட மூன்று மீட்டர் பருத்தித் துணி, எலாஸ்டிக் பத்து மீட்டர். அச்சு ஒன்றுக்கு மூன்று கிலோ களிமண். ஒரு பங்கு மைதாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் சேர்த்து, சிறு தீயில் கைவிடாமல் கிளறிப் பசை காய்ச்ச வேண்டும். மே மாத வெக்கையில் மறுநாளே புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுவது நல்லது. பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலக்கிற பழக்கம் உண்டு. அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் பசையில் ஒரு சிட்டிகைகூடக் கூடாது.

தாளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழிக்க வேண்டும். கிழிந்த ஓரம்தான் ஒன்றோடொன்று படிந்து ஒட்டும். அச்சின் மேல் முதல் அடுக்கு வெறும் தண்ணீரில் நனைத்த தாள். அதில் பசை பட்டால் முகமூடி களிமண்ணை விட்டு வராது. பிறகு செய்தித்தாள் ஓர் அடுக்கு, பிரவுன் தாள் ஓர் அடுக்கு என மாற்றி மாற்றி எட்டு அடுக்கு. நிறம் மாறுவதால் விட்டுப்போன இடம் பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். ஒரு நாளில் மூன்று அடுக்குக்கு மேல் போடக் கூடாது. எட்டையும் ஒரே மூச்சில் போட்டால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். ஒரு வாரத்தில் நாறும். முதலில் நிழலில்தான் காய வேண்டும், நேர் வெயிலில் வைத்தால் கோணிவிடும். மேலுதட்டோடு நிற்கும் அரை முகமூடி போதும். வாயை மூடினால் வசனம் உள்ளேயே அடங்கிப் போகும்.

இத்தனை பாடுபட்டுச் செய்ததை மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டால் மைதா வாசத்துக்கு எலி வரும். அதனால் ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் இரும்பு அலமாரி கேட்கிறோம். அடுத்த ஆண்டு அதே முகமூடி மறுபடி நிறம் பூசி மேடையேறும். பிள்ளைகளுக்கு அது தங்கள் ஊரின் சொத்து என்று தெரிய வேண்டும்.

தெருக்கூத்துக் கலைஞர்களை அடவு என்னும் ஆட்ட அசைவுகளைச் சொல்லிக்கொடுக்க அழைக்கும்போது ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். பங்குனி முதல் ஆடி வரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கும், அவர்களுக்கு அதுதான் சம்பாதிக்கும் காலம். இரவு முழுக்க ஆடிவிட்டு வருகிறவரைத் தினமும் கூப்பிட முடியாது. வாரம் ஒரு நாள், மொத்தம் எட்டு நாள் போதும். ஓர் இரவுக் கூத்துக்கு என்ன கூலியோ அதற்குக் குறையாமல், அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

நடிக்க மைக் வேண்டாம், மணல் போதும். மாலையில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். நடிகர்கள் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் குரலைக் காற்றே மக்களிடம் கொண்டுபோகும். திரும்பி நின்றால் கத்தினாலும் கேட்காது. ஜூனில் சூரியன் மறைய ஆறரை தாண்டும். அதற்கு முன் தொடங்கினால் நடிகரின் கண்ணில் மேற்கு வெயில் அடிக்கும். ஏழு மணிக்குத் தொடங்கலாம்.

இதையெல்லாம் ஓர் ஊரில் யார் நடத்துவது? பெரும்பாலும் ஓர் ஓவிய ஆசிரியரோ தமிழாசிரியரோதான். வரைவது, எழுதுவது, கற்பிப்பது, ஒத்திகை பார்ப்பது நான்கும் ஒருவர் தலையில் விழும். புதுச்சேரி அறிந்த வாழ்க்கைதான் இது. பாரதிதாசன் 1909 முதல் 1946 வரை ஆசிரியராக இருந்துகொண்டே கவிதையும் நாடகமும் எழுதினார். பையன்களைப் பழக்கி நாடகம் போட்ட சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் இந்த ஊரில்தான் காலமானார். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயரை வைத்திருக்கிறோம். அதே உழைப்பை இன்று தருகிற ஆசிரியருக்கு இந்த மாலைகளைப் பணியாகக் கணக்கிட்டு ஈடுசெய் விடுப்பு தாருங்கள். விருதைவிட அவருக்கு அது உதவும்.

ஆணை மார்ச் மாதத்துக்குள் வர வேண்டும். ஏப்ரல் கடைசியில் வந்தால் பேச்சைக் கேட்டு எழுதும் பத்து நாளும் போய்விடும். பிறகு யாரோ எங்கோ எழுதிய நாடகத்தைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். சாவி யாரிடம் இருக்கும், மின்கட்டணம் எந்தக் கணக்கில் சேரும், இரவு ஒன்பதுக்குப் பூட்டுவது யார் என்ற மூன்றையும் அந்த ஆணையிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரி கடலோர ஊர்களின் ஓவிய ஆசிரியர்கள், எழுதுகிறவர்கள், நாடகக்காரர்கள்