ரத்தக் குழாயின் உட்சுவர்: மகனுக்கு ஒரு கடிதம்

அன்பு மகனே,

பிரஷர் 148/94 என்று எழுதியிருந்தாய். இதயம் நன்றாக இருக்கிறது என்கிறார்களே, பிறகு ஏன் ஏறுகிறது என்று கேட்டிருந்தாய். ரத்தக் குழாயின் உட்சுவரைப் புரிந்துகொண்டால் அது விளங்கும்.

எண்டோதீலியம் எனப்படும் அந்தப் படலம் ஒரே ஒரு செல் தடிமன்தான். ரத்தம் உரசி ஓடுவதை உணர்ந்து அது நைட்ரிக் ஆக்சைடு வாயுவைச் சுரக்கும். வெளிப்புறத் தசை தளர்ந்து குழாய் விரியும். அந்த வாயு சில நொடிகளில் மறைந்துவிடுவதால் ஓயாமல் சுரந்தாக வேண்டும். 1980-இல் அமெரிக்க விஞ்ஞானி ஃபர்ச்காட் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. முயலின் தமனித் துண்டில் அசிட்டைல்கோலின் என்ற, நரம்புகள் சுரக்கும் வேதிப்பொருளை விட்டார். படலம் இருந்தபோது தசை தளர்ந்தது, அதைச் சுரண்டி எடுத்த பிறகு தளரவில்லை. தசைக்கு உத்தரவு எங்கிருந்து போகிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

புகை, சர்க்கரை நோய், மிகையான உப்பு எல்லாம் சூப்பராக்சைடு என்ற, எதனோடும் வினைபுரியத் துடிக்கும் ஆக்சிஜன் வடிவத்தைப் பெருக்கும். அது நைட்ரிக் ஆக்சைடைத் தின்றுவிடும். அதே படலம் சுரக்கும் எண்டோதீலினோ குழாயை இறுக்கும். அதன் கை ஓங்கிவிடும். சிறு தமனியின் ஆரம் 10 சதவீதம் சுருங்கினாலே ரத்த ஓட்டத்துக்கான தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். தடை கூடினால் அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் திரும்பவும் படலத்தைக் கெடுக்கும். இந்தச் சுழலை எவ்வளவு சீக்கிரம் அறுக்கிறாயோ அவ்வளவு நல்லது, கண்ணா.

சிகரெட்டை இன்றே விடு. உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள், எல்லாம் சேர்த்து. வாரம் 150 நிமிடம் வேக நடை; ரத்த ஓட்டம் கூடும்போது படலத்துக்கு அந்த உரசல் அதிகமாகக் கிடைக்கிறது. கிருமிநாசினி மவுத்வாஷைத் தினமும் கொப்பளிக்காதே. நாக்கில் வாழும் பாக்டீரியாக்கள் காய்கறி நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கித் தருகின்றன; அதிலிருந்தும் உடல் நைட்ரிக் ஆக்சைடு செய்துகொள்ளும்.

ஒரு தடவை பார்த்த பிரஷர் அளவை வைத்து முடிவு கட்டாதே; வீட்டிலேயே அளந்து பார். காபி, நடை முடிந்து அரை மணி கழியட்டும். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, கால் தரையில் பட, 5 நிமிடம் பேசாமல் உட்கார். பிரஷர் கருவியின் பட்டை வெறும் கையில், இதய மட்டத்தில் இருக்க வேண்டும். கை தொங்கினால் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை, ஒவ்வொரு இரண்டுக்கும் இடையில் ஒரு நிமிடம் விட்டு, 7 நாள் அளந்து எழுது. முதல் நாளை விட்டுச் சராசரி எடு. 135/85 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் அந்தத் தாளோடு போ. மாத்திரை தந்தால் நீயாக நிறுத்தாதே. 180/120 தாண்டி நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ வந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடு.

ஏழாம் நாள் அளவுகளை எனக்கும் எழுதி அனுப்பு.

அன்புடன்,
அப்பா