செலவைக் குறைத்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ்த் தலையங்கத்தில், அரசு செலவைக் குறைத்தாலே நாட்டின் கடன் தரமதிப்பீடு, அதாவது வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டும் திறனுக்குத் தரும் மதிப்பெண், தானாக உயரும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். நீண்டகால வாசகன் என்ற உரிமையில் சொல்கிறேன், படித்ததும் மனது கஷ்டப்பட்டது.

2025 ஆகஸ்ட் 14 அன்று, 18 ஆண்டுகளுக்குப் பிறகு, இந்த மதிப்பீட்டைத் தரும் எஸ் அண்ட் பி நிறுவனம் இந்தியாவின் தரத்தை 'பிபிபி மைனஸ்' நிலையிலிருந்து ஒரு படி மேலே 'பிபிபி'க்கு உயர்த்தியது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்போது மத்திய அரசு செலவைச் சுருக்கியா வைத்திருந்தது? 2019-20இல் சுமார் 3.36 லட்சம் கோடி ரூபாயாக இருந்த மூலதனச் செலவுக்கு, அதாவது நீண்டகாலம் நிற்கும் சொத்துகளை உருவாக்கும் செலவுக்கு, 2025-26 பட்ஜெட்டில் 11.21 லட்சம் கோடி ஒதுக்கியிருந்தார்கள். வரவுக்கு மேல் போகும் பற்றாக்குறையைப் படிப்படியாகக் குறைத்தபடியே சாலை, ரயில்பாதை என்று பணத்தைத் திருப்பியதால், செலவின் தரம் கூடியிருக்கிறது என்று அந்த நிறுவனமே சொன்னது. வளர்ச்சி, விலைவாசிக் கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்த முடிவுதான், சரி. ஆனால் வெறும் சிக்கனத்துக்குக் கிடைத்த பரிசு இல்லை.

ஓர் அரசு அலுவலகக் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மார்ச் கடைசி வந்தால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும் என்று பில்கள் குவியும். வேலை முடிந்ததா என்று கேட்டால், பில்லுக்குத் தடை போடுகிறவன் என்று பெயர் வரும். சிக்கனம் என்று மேலிருந்து உத்தரவு வந்தாலோ முதலில் கை வைப்பது பராமரிப்பில்தான். வீண்செலவு அப்படியே இருக்கும். எங்கள் தெருவில் தார் போட்ட கையோடு குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினார்கள், அப்புறம் பாதாளச் சாக்கடைக்கு. ஒரே தெருவுக்கு எத்தனை முறை பணம் கொடுப்பது?

மதுரை எய்ம்ஸையும் பாருங்கள். 2019 ஜனவரியில் அடிக்கல், கட்டுமானம் தொடங்கியது 2024இல். 1,264 கோடி மதிப்பீடு 1,977 கோடியாக ஏறியது. தொற்றுநோய்ப் பிரிவைச் சேர்த்தார்கள், ஒத்துக்கொள்கிறேன். இழந்த ஐந்து ஆண்டுகளுக்கு யார் கணக்குச் சொல்வது? பெரும்பகுதி ஜப்பானிடம் வாங்கும் கடன். ஏற்கெனவே வாங்கிய கடன்களுக்கு மத்திய அரசின் 2025-26 பட்ஜெட்டில் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி, மூலதனச் செலவைவிட அதிகம்.

இதைப் பற்றி முன்பும் எழுதினேன், வெளியிடவில்லை. இடப்பற்றாக்குறை இருந்திருக்கலாம். அதே இதழில் ஒரு திறப்பு விழாப் படத்துக்கு அரைப்பக்கம் கிடைத்ததுதான் வருத்தம்.

இனி எந்தத் திறப்பு விழாச் செய்தி போட்டாலும், முதலில் சொன்ன தொகை, முதலில் சொன்ன தேதி, கடைசியில் ஆன தொகை, திறந்த தேதி, இந்த நான்கையும் கீழே ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர், மதுரை