வெளிநாடு கிளம்பும் மாங்கூழ், கிரானைட், மலர் ஏற்றுமதியாளர்களுக்கு: உங்கள் சிம் பற்றி ஒரு திறந்த மடல்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் மாங்கூழ், கிரானைட், ரோஜா ஏற்றுமதி செய்யும் தொழில் நண்பர்களுக்கு, இங்கே சிம், செல்பேசிக் கடை நடத்தும் எங்கள் வணக்கம்.

துபாயில் கல்ஃபுட் உணவுக் கண்காட்சி, மார்ச்சில் சீனாவின் ஷியாமெனில் கல் கண்காட்சி, செப்டம்பரில் இத்தாலியின் வெரோனாவில் கல் கண்காட்சி, ஒற்றைப்படை ஆண்டுகளின் அக்டோபரில் ஜெர்மனியின் கொலோனில் அனுகா உணவுக் கண்காட்சி என்று நம் பகுதியிலிருந்து ஆட்கள் போய் வந்துகொண்டே இருக்கிறார்கள். விசா, டிக்கெட், சாம்பிள் டின், கல் பலகை எல்லாம் ஒரு மாதம் முன்பே தயார். போனுக்கு மட்டும் பெங்களூரு விமான நிலையத்தில், போர்டிங் அழைப்பு வரும் நேரத்தில், அவசரமாக ஒரு ரோமிங் பேக். அங்கே இறங்கிய பிறகு பேசுவது எப்படியோ நடந்துவிடும். மாட்டிக்கொள்வது ஓ.டி.பி.யில்.

வெளிநாட்டில் போன் வேலை செய்ய வேண்டும் என்றால் மூன்று வேலை நடக்க வேண்டும். ஊர் எண்ணுக்கு வரும் குறுஞ்செய்தி ஒன்று. வாட்ஸ்அப், மெயில், மேப்புக்கான இணையம் ஒன்று. குரல் அழைப்பு ஒன்று. மூன்றுக்கும் தனித்தனியாக வழி செய்தால் செலவும் குறையும். ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும்.

முதலில் ஓ.டி.பி. பல நிறுவனங்களில் வங்கி, ஜி.எஸ்.டி., ஐஸ்கேட் (சுங்கத் துறைத் தளம்), டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத் தளம்) என்று எல்லாக் கணக்கும் முதலாளியின் ஒரே எண்ணில் கட்டப்பட்டிருக்கிறது. அந்த எண் ஷியாமெனில் சிக்னல் இல்லாமல் நின்றால், இங்கே லாரி வாடகையும் போகாது, கணக்கும் தாக்கலாகாது. மாதக் கணக்குக் காட்டுபவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்-1 கடைசி நாள் 11, ஜி.எஸ்.டி.ஆர்-3பி 20. மார்ச் நடுவில் சீனாவில் இருப்பவருக்கு 3பி தேதி பயணத்தை ஒட்டியே வருகிறது. பிரைவேட் லிமிடெட் என்றால் டிஜிட்டல் கையொப்பம் வைத்து ஆடிட்டர் முடித்துவிடுவார். தனி உரிமையாளர், பங்குதாரர் நிறுவனம் என்றால் பெரும்பாலும் ஓ.டி.பி.தான் கையொப்பம்.

இதற்கு மருந்து எந்த ரோமிங் பேக்கிலும் இல்லை. வங்கிக் கிளையில் கார்ப்பரேட் இணைய வங்கி கேட்டு வாங்கி, மேக்கர் (பணம் அனுப்பப் பதிபவர்), செக்கர் (அதற்கு ஒப்புதல் தருபவர்) என்று இரண்டு பயனர்களை அவரவர் எண்ணில் பதியுங்கள். இன்ன தொகை வரை ஊரில் இருக்கும் இன்னொரு பங்குதாரர் அனுமதிக்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். ஜி.எஸ்.டி. தளத்தில் அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராக இன்னொருவரைச் சேருங்கள். ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்டு 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று அறிவித்த நெறிமுறைப்படி, குறுஞ்செய்தி ஓ.டி.பி. மட்டுமே இரண்டாவது பூட்டாக இருக்க வேண்டியதில்லை. செயலிக்குள்ளேயே ஒப்புதல் தரும் வசதி உங்கள் கணக்குக்கு உண்டா என்று மேலாளரிடம் நேராகவே கேளுங்கள். இருந்தால், இணையம் கிடைக்கும் இடத்தில் எல்லாம் வேலை நடக்கும். இந்திய சிக்னலை எதிர்பார்க்க வேண்டாம்.

அப்படியும் ஊர் எண் உயிரோடு இருந்தே ஆக வேண்டும். ஓ.டி.பி. வராததற்கு நாங்கள் அடிக்கடி பார்க்கும் காரணங்கள் இவை. பிரீபெய்டு சிம்மில் சர்வதேச ரோமிங் திறக்கப்படவே இல்லை. அங்கே போனதும் சிக்னலே பிடிக்காது. அல்லது பயணத்தின் நடுவில் ரீசார்ஜ் செல்லுபடி முடிந்துவிடும். கிளம்புமுன் திரும்பும் தேதிக்கு மேல் பத்து நாள் சேர்த்து ரீசார்ஜ் செய்யுங்கள். ரோமிங்கில் உள்வரும் குறுஞ்செய்திக்கு நம் நிறுவனங்களில் பொதுவாகக் கட்டணம் இல்லை. ஆனால் ரோமிங் திறந்திருந்தால்தான் அது வரும்.

மூன்றாவது காரணம்தான் அதிகம் பேரைக் கவிழ்க்கிறது. பழைய பிளாஸ்டிக் சிம்மை இ-சிம்மாக (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) மாற்றிக்கொண்டு போகலாம் என்று முந்தின நாள் கடைக்கு வருவார்கள். தொலைத்தொடர்புத் துறை விதிப்படி, சிம் மாற்றினால் முதல் 24 மணி நேரம் அந்த எண்ணில் குறுஞ்செய்தி போகவும் போகாது, வரவும் வராது. சிம் திருட்டைத் தடுக்க வந்த நல்ல விதி அது. விமானம் ஏறும் நாளுக்கு அது ஒத்துவராது. சிம் மாற்றுவதென்றால் பத்து நாள் முன்பே மாற்றுங்கள். கம்பெனி மாற எண்ணினால் இன்னும் முன்பே: சிம் மாற்றிய 7 நாளுக்குள் போர்ட் செய்ய முடியாது.

அங்கே போய் செய்தி வரவில்லை என்றால், ஏரோப்ளேன் மோடை ஒரு நிமிடம் போட்டு எடுங்கள். பிறகு அமைப்புகளில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கையால் தேர்வுக்கு மாற்றி, வேறொரு நிறுவனத்தைத் தொடுங்கள். துபாயில் எடிசலாட் பிடிக்காவிட்டால் டு. அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் 3ஜி கோபுரங்களை அணைத்துவிட்டார்கள்; வோல்ட்இ (4ஜி வழியாகக் குரல் அழைப்பு) ரோமிங் இல்லாத பழைய போனில் அங்கே அழைப்பே வராது. இன்னொன்று, பயணத்தில் புதுப் போனுக்கு மாறாதீர்கள். யு.பி.ஐ. செயலியும் பல வங்கிச் செயலிகளும் உங்கள் சிம்மிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பித்தான் போனை அடையாளம் காண்கின்றன. ரோமிங்கில் அந்தச் செய்தி பல நேரம் போய்ச் சேராது.

அடுத்து இணையம். இதற்கு, பயணிகளுக்கென விற்கும் தனி டிராவல் இ-சிம் நல்லது. உங்கள் போனில் வசதி உண்டா என்று அறிய *#06# அழுத்துங்கள். வரும் பட்டியலில் ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு ஈ.ஐ.டி. என்று நீண்ட எண் இருந்தால் உண்டு. கியூ.ஆர். குறியை ஊரிலேயே, வைஃபையில் ஏற்றிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு முறைதான் ஏறும். தவறி அழித்தால் புதிதாக வாங்க வேண்டியதுதான். தரை இறங்கியதும் மொபைல் டேட்டாவை இ-சிம்முக்கு மாற்றி, டேட்டா ரோமிங்கை அதற்கு மட்டும் திறங்கள், இந்திய சிம்முக்கு மூடுங்கள். ஐபோனில் டேட்டாவைத் தானாக இன்னொரு சிம்முக்குத் தாவவிடும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அணைக்காவிட்டால், இ-சிம் சிக்னல் தளரும் இடத்தில் இந்திய சிம்மின் பேக் இல்லாத டேட்டா ஓடி பில் ஏறும். போட்டோ பேக்கப்பும் செயலி அப்டேட்டும் வைஃபையில் மட்டும் நடக்கட்டும். வீடியோ அழைப்பு அதிகம் இல்லாமல் பத்து நாள் கண்காட்சிக்கு 5 ஜி.பி. போதும் என்பது எங்கள் கணக்கு. விமானத்துக்குள் வரும் நெட்வொர்க்குக்குத் தரைப் பேக் செல்லாது. வானத்தில் ஏரோப்ளேன் மோடை எடுக்க வேண்டாம்.

வாட்ஸ்அப் எண்ணை மாற்றவா என்று செயலி கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, இந்திய எண்ணிலேயே வைத்திருங்கள். மெசேஜ் செயலிகள் போனில் இருக்கும் சிம்மோடு பிணைந்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவிட்டது. அதனாலும் இந்திய சிம்மைக் கழற்றிப் பர்சில் வைக்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

கிரானைட்காரர்கள் சீனாவை மட்டும் தனியாக எண்ண வேண்டும். ஓட்டல் வைஃபையிலும் அங்கே வாங்கும் சிம்மிலும் வாட்ஸ்அப், ஜிமெயில், கூகுள் மேப் எதுவும் திறக்காது. இந்திய சிம்மின் ரோமிங் பேக்கில் திறக்கும். காரணம், ரோமிங் டேட்டா முதலில் நம் நாட்டு நிறுவனத்துக்குத் திரும்பி வந்து, இங்கிருந்துதான் இணையத்துக்குள் போகிறது. ஹாங்காங், சிங்கப்பூர் வழியாக வெளியேறும் டிராவல் இ-சிம்மும் அப்படியே. ஆகவே மற்ற நாடுகளுக்கு இரண்டாம் பட்சமான ரோமிங் பேக், சீனாவுக்கு முதல் தேர்வு. அங்குள்ள வியாபாரிகள் எல்லாம் வீசாட்டில் இருப்பார்கள். நம் நாட்டில் அது 2020 ஜூன் 29 முதல் தடை. எனவே கிளம்புமுன் வாங்குபவரின் வாட்ஸ்அப் எண்ணோ, ஜிமெயில் அல்லாத மெயில் முகவரியோ கேட்டு வாங்குங்கள். ஓட்டல் முகவரியைச் சீன எழுத்தில் படம்பிடித்து வைத்தால் டாக்சியில் உதவும்.

துபாயில் வாட்ஸ்அப் செய்தி, படம், குரல் குறிப்பு எல்லாம் போகும். அழைப்பு மட்டும் தடுக்கப்பட்டிருக்கிறது. இணைய அழைப்புக்கு அங்கே அனுமதி பெற்ற போட்டிம் செயலியை நீங்கள் மட்டும் ஏற்றினால் போதாது. ஆலை சூபர்வைசர் போனிலும் வீட்டுப் போனிலும் இருக்க வேண்டும். அதைக் காவேரிப்பட்டணத்திலேயே ஏற்றி, ஒரு முறை பேசிப் பாருங்கள். தடையைச் சுற்றிப் போக வி.பி.என். போடும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்நாட்டுச் சட்டத்தில் அதன் தவறான பயன்பாட்டுக்குக் குறைந்த அபராதமே 5 லட்சம் திர்ஹாம். ஓமன் எல்லையிலுள்ள ஹட்டா பக்கம் போனால் போன் ஓமன் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். துபாய் பேக் அங்கே செல்லாது. வெரோனாவிலிருந்து சுவிட்சர்லாந்து போனாலும் இதே கதை. ஐரோப்பிய ஒன்றியத்துக்கென வாங்கிய இ-சிம்மில் அந்த நாடு இருக்கிறதா என்று பாருங்கள்.

குரலுக்கு வருவோம். எண்களை எல்லாம் +91 போட்டுச் சேமியுங்கள். 00 என்று போட்டால் துபாயில் வேலை செய்யும். அமெரிக்காவில் அதற்கு 011. பிளஸ் எங்கும் செல்லும். கிளம்பும் நாள் ##002# அழுத்தி எல்லா அழைப்புத் திருப்புதலையும் நீக்குங்கள். எடுக்காத அழைப்பு வேறு எண்ணுக்குத் திரும்பும்படி வைத்திருந்தால், அது வெளிநாடு வந்து மறுபடி ஊர் போகும். இரண்டு பக்கமும் கட்டணம். யாராவது கூப்பிட்டு *401* என்று தொடங்கும் எண்ணை அழுத்தச் சொன்னால் வைத்துவிடுங்கள். உங்கள் அழைப்புகளைத் திருடனின் எண்ணுக்குத் திருப்பும் வழி அது.

முதலாளி ஊரில் இல்லாத வாரத்தில்தான் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்ற பொய் மெயில் உங்கள் வாங்குபவருக்குப் போகும். கணக்கு மாற்றம் என்று மெயில் வந்தால் பழைய இன்வாய்ஸில் உள்ள எண்ணுக்குக் கூப்பிட்டு, குரல் கேட்ட பிறகே பணம் அனுப்பச் சொல்லி முன்பே தெரிவியுங்கள். வாட்ஸ்அப்பில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணைப் போடுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு வேலை நாளில், காலை 10 மணிக்கு உங்கள் போனை அணைத்து மேசை டிராயரில் வையுங்கள். மாலை 6 வரை எடுக்க வேண்டாம். பணம், பில், ஷிப்பிங் தாள், வாங்குபவரின் கேள்வி என்று அன்று எதெல்லாம் நின்றதோ அதைக் கணக்குப்பிள்ளை ஒரு தாளில் எழுதட்டும். அந்தத் தாளோடு வாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் வழி பார்ப்போம்.

வணக்கத்துடன்,
கிருஷ்ணகிரி, பர்கூர், ஓசூர் பகுதிகளில் சிம், செல்பேசிப் பணி செய்யும் கடைக்காரர்கள் சிலர்