மேனிங்ட்ரீ பாட்டியின் பிராணிகள்

அன்பு மகளுக்கு,

பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. பீங்கான் மக் நல்ல கனம், பிடி கைக்கு வாகாக இருக்கிறது. "பழைய காலத்து சூனியக்காரி படம்மா, கார்ட்டூன் மாதிரி இருந்துச்சு, வாங்கிட்டேன்" என்று எழுதியிருந்தாய். அந்தப் படத்தைப் பற்றி உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். போனில் அவசரமாகச் சொல்கிற விஷயமில்லை, அதனால்தான் கடிதம்.

அது 1647-ல் லண்டனில் அச்சான ஒரு சிறு நூலின் முகப்புப் படம். தொப்பியும் கோலுமாக நிற்பவன் மேத்யூ ஹாப்கின்ஸ். சூனியக்காரிகளைப் பிடிக்கும் தலைமை அதிகாரி என்று தனக்குத்தானே பட்டம் சூட்டிக்கொண்டவன்; எந்த அரசும் அந்தப் பதவியை அவனுக்குக் கொடுக்கவில்லை. உள்நாட்டுப் போரில் நாடே குலைந்து கிடந்த நேரம். ஊர் ஊராகப் போய்ப் பெண்களைக் காட்டிக்கொடுத்துப் பணம் வாங்கினான். ஸ்டோமார்க்கெட் என்ற ஊர் மட்டும் 23 பவுண்டு கொடுத்திருக்கிறது.

மக்கைச் சுற்றிலும் இருக்கிற பிராணிகளைப் பார். இவை சூனியக்காரிக்கு ஏவல் செய்யும் பேய்கள் என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். ஹோல்ட் வெள்ளைப் பூனைக்குட்டி. ஜர்மாரா காலில்லாத கொழுத்த நாய். மாட்டுத் தலையோடு நிற்கும் வேட்டை நாய் வினிகர் டாம். கறுப்பு முயலுக்கு 'சாக் அண்ட் சுகர்' என்று பெயர். பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். ஆனால் இந்தப் பெயர்களைச் சொன்னது எலிசபெத் கிளார்க், இங்கிலாந்தில் மேனிங்ட்ரீ என்ற ஊரில் இருந்த ஒற்றைக்கால் கிழவி. ஒரு தையல்காரரின் மனைவி நோயில் விழுந்தாள், பழி இவள் தலையில் விழுந்தது. இங்கிலாந்தில் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் தூங்கவிடாமல் வைத்தார்கள். ஆட்களைச் சுற்றிலும் உட்கார்த்தி, இரவு இரவாக விழிக்க வைத்தார்கள். நான்காம் இரவில் அவள் இந்தப் பெயர்களைச் சொன்னாள் என்று ஹாப்கின்ஸே எழுதி வைத்திருக்கிறான்.

தொடர்ந்து நைட் டியூட்டி பார்த்துவிட்டு நீ போன் பண்ணும்போது என்ன பேசுகிறாய் என்று உனக்கே தெரிவதில்லை. நீ இளவயசுக்காரி, நர்ஸ், சாப்பாடும் படுக்கையும் இருக்கிறது. அந்தக் கிழவியை நினைத்துப் பார்.

படத்திலுள்ள வேறு சில பெயர்களைக் காட்டி, இவற்றை மனிதர் யாரும் கற்பனை செய்திருக்க முடியாது, அதுவே சாட்சி என்கிறான் ஹாப்கின்ஸ். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனியாக இருக்கும் ஒரு கிழவி வீட்டுப் பூனைக்கும் நாய்க்கும் செல்லமாக வைக்கிற பெயர்கள் போலத்தான் இருக்கின்றன.

1645 ஜூலையில் செம்ஸ்ஃபர்டில் விசாரணை நடந்தது. எலிசபெத்தைத் தூக்கிலிட்டார்கள். எரித்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தில் சூனியக் குற்றத்துக்குத் தூக்குதான். அதே வழக்கில் ஆன் வெஸ்ட் என்ற தாயும் ரெபெக்கா என்ற மகளும் இருந்தார்கள். மகள் சாட்சி சொன்னாள், பிழைத்தாள். தாயைத் தூக்கிலிட்டார்கள். இதைப் படித்த அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. ரெபெக்காமேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அந்தத் தாயின் இடத்தில் நான் இருந்திருந்தால் நீ சொல்லிவிட்டுப் பிழைத்துக்கொள் என்றுதான் வேண்டியிருப்பேன்.

வெள்ளைக்காரன் ஊர்ப் பழங்கதை என்று தள்ளிவிடாதே. ஜார்க்கண்டில் இதைத் தடுக்க 2001-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. அங்கே சூனியக்காரி என்று ஊரே துரத்திய சுட்னி மஹதோ, தன்னைப் போன்ற மற்ற பெண்களுக்காகப் போராடி 2021-ல் பத்மஸ்ரீ வாங்கினார்.

மக்கைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. காலையில் காபி அதில்தான் குடிக்கிறேன், யார் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்கிறேன். நேற்று பக்கத்து வீட்டுப் பையன் "இந்த நாய்க்கு ஏன் மாட்டுத் தலை?" என்று கேட்டான். தூக்கமில்லாத ஒரு பாட்டி சொன்ன நாய் அது என்றேன். "அவங்களைத் தூங்க விட்டிருக்கலாம்ல?" என்றான்.

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். நீ இருக்கும் கோல்செஸ்டரிலேயே ஒரு கோட்டை இருக்கிறது, இப்போது அருங்காட்சியகம். விசாரணைக்கு முன் இந்தப் பெண்களை அங்கேதான் அடைத்து வைத்திருந்தார்கள். சிலர் அந்தச் சிறையிலேயே காய்ச்சலில் செத்தார்கள். மேனிங்ட்ரீ ரயிலில் அடுத்த ஸ்டேஷன்தானே. லீவு நாளில் இரண்டையும் பார். எலிசபெத் கிளார்க் பெயர் எங்காவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா