மாடியில் அவன் கூட்டம், கீழே எங்கள் கூட்டம்

அன்புள்ள மகளுக்கு,

போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. "சிகிச்சை முடிந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறதே அம்மா, தம்பி இன்னும் எதற்கு அந்தக் குடிநோயாளிகள் கூட்டத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறான்? குணமாகிவிட்டதா, இல்லையா?" என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "சரி, அவன் போகிறான். நீ எதற்குப் போகிறாய்?" என்றாய். அடுப்பில் வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. பேச்சில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் உனக்குத் தெரியாத ஒன்று. நான்கு வருஷத்துக்கு முன் கூரை ஒழுகுகிறது என்று உன்னிடம் பணம் கேட்டேனே, கூரை ஒழுகவில்லை. தம்பி குடிப்பதற்காக வாங்கியிருந்த கடனை அடைத்தேன். அடுத்த வருஷம் என் கண் சிகிச்சைக்கு என்று கேட்டதும் அப்படித்தான். அவன் எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்களில் அவன் மேலாளருக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொன்னதும் நான்தான். பிள்ளையைக் காப்பாற்றுகிறேன் என்று மனதார நம்பினேன். இப்போது யோசித்தால், குடியினால் அவனுக்கு வரவேண்டிய கஷ்டம் ஒவ்வொன்றையும் வாசலிலேயே நின்று நான் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். பாதியை உன் தலையில் கட்டியிருக்கிறேன். அவன் வரைக்கும் எதுவும் போய்ச் சேரவேயில்லை.

தெரியாமல் செய்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். இதை வேறு எந்த வீட்டிலும் யாரும் செய்துவிடக் கூடாது. ஒருமுறை அவனை அறைக்குள் வைத்துப் பூட்டினேன். ஒரு சொட்டும் கிடைக்காவிட்டால் தானாகத் தெளிந்துவிடுவான் என்று நினைத்தேன். முதல் நாள் கை நடுக்கமும் வியர்வையும். இரண்டாம் நாள் காலையில் வலிப்பு வந்தது. வருஷக்கணக்கில் தினமும் நிறையக் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாட்களுக்குள் புத்தி தடுமாறி இல்லாதது எல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகலாம் என்று அன்றைக்கு மருத்துவர் சொன்னார். மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டுமாம். அதைக் கேட்கும்போது அறைச் சாவி என் கையில்தான் இருந்தது.

அப்புறம் நடந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியும் மறுவாழ்வு மையமுமாகச் சில வாரங்கள். உடம்பு தேறியது. ஆனால் அவன் திரும்பி வந்தது அதே கட்டிலுக்கு, அதே போனுக்கு, அதே நண்பர்களுக்கு. சாயங்காலம் ஆறு மணி ஆனால் அவனால் உட்கார முடியாது. கால் ஆடிக்கொண்டே இருக்கும். நான் பக்கத்தில் போனால் எரிந்து விழுவான். அந்த ஆறு மணிக்காகத்தான் கூட்டம். குடியை விட்டுப் பதினொரு வருஷமான ஒருவர் அங்கே அவனுக்கு ஸ்பான்சர், அதாவது வழித்துணை. முதல் மூன்று மாதம் கூட்டம் இல்லாத நாட்களில் ஆறு மணிக்கு வீட்டுக்கே வந்து அவனை நடக்கக் கூட்டிப்போவார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாது என்று இப்போது தெரியும். "நான் உனக்காக வரவில்லைப்பா, எனக்காக வருகிறேன்" என்று ஒருநாள் அவர் வாசலில் சொன்னது மட்டும் காதில் விழுந்தது.

ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு இந்தக் கூட்டங்கள் எப்படித் தொடங்கின என்று படித்தபோதுதான் அது நிஜமான பேச்சு என்று தெரிந்தது. 1935இல், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊர். பில் வில்சன் என்பவர் குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருக்கின்றன. வந்த வியாபாரம் கைகூடவில்லை. ஹோட்டலின் முன்கூடத்தில் தனியாக நிற்கிறார், பக்கத்திலேயே மதுக்கூடம். இன்னொரு குடிநோயாளியோடு பேசினால்தான் இன்றைக்குத் தப்பிப்போம் என்று தோன்றி, போனை எடுத்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்க்கிறார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர், குடியை நிறுத்த முடியாமல் தவித்துக்கொண்டிருந்தவர். பாப் கடைசியாகக் குடித்த நாள் என்று வைத்திருக்கிற 1935 ஜூன் 10தான் இந்தக் கூட்டங்களை நடத்துகிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு பிறந்த நாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பில் இன்னொருவரைத் தேடினார். தம்பியின் வழித்துணை வாசலில் சொன்னதும் அதுதான்.

ஆனால் என்னை உலுக்கியது பில்லின் மனைவி லோயிஸின் கதை. 1918இல் கல்யாணம். 1934 கடைசியில்தான் பில் குடியை விட்டார். அதற்கு முந்தைய சில வருஷங்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதித்து அவரைத் தாங்கியது லோயிஸ். எல்லாம் சரியான பிறகு ஒருநாள், கூட்டத்துக்குச் சீக்கிரம் கிளம்பு என்று கணவர் சொன்னதும் காலணியை எடுத்து அவர் மேல் எறிந்தாராம்! எனக்கு அது உடனே புரிந்தது. நான் ஒன்பது வருஷம் அழுதேன், கெஞ்சினேன், காலில் விழாத குறை. அதற்கெல்லாம் அசையாதவன், முன்பின் தெரியாத பத்துப் பேர் சொன்னதைக் கேட்டுக் குடிக்காமல் வீட்டுக்கு வருகிறான். பிள்ளை பிழைத்தானே என்ற சந்தோஷத்துக்கு நடுவில் எனக்கு வயிறு எரிந்தது. இதை யாரிடம் சொல்வேன்? பெற்றவளா இவள் என்று கேட்க மாட்டார்களா?

1951இல் லோயிஸ் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற அமைப்பைத் தொடங்கினார். நான் போவது அதன் கூட்டத்துக்குத்தான். தம்பியின் கூட்டம் மாடியில், எங்களுடையது கீழே. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவோம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, புத்தி சொல்வதில்லை. மற்றவர்கள் சொன்னதை நான் உனக்கு எழுத மாட்டேன், அங்கே கேட்டதை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். என்னுடையதைச் சொல்லலாம். மூன்றாவது வாரம் அந்த வயிற்றெரிச்சலைச் சொன்னேன். யாரும் என்னைத் திருத்தவில்லை. எதிரில் இருந்த இரண்டு பேர் மெதுவாகத் தலையசைத்தார்கள். வீட்டுக்கு வந்து அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன். கேட் சத்தத்துக்குக் காது கொடுக்காமல் நான் தூங்கி எத்தனை வருஷம் ஆகியிருந்தது தெரியுமா?

அங்கே திரும்பத் திரும்பச் சொல்கிற மூன்று விஷயம் உண்டு. இதை நான் உண்டாக்கவில்லை, இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, இதை என்னால் குணப்படுத்த முடியாது. கடைசி இரண்டும் சீக்கிரம் பிடிபட்டன. முதலாவதைச் சொல்லும்போது இப்போதும் சில நாள் தொண்டை அடைக்கும்.

நீ ஆதாரம் கேட்கிறவள். அதனால் மையத்தின் ஆலோசகரிடம் கேட்டு எழுதுகிறேன். 2020இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுக் குழு 27 ஆய்வுகளை, 10,000 பேருக்கு மேல், ஒன்றாக வைத்துப் பார்த்திருக்கிறது. இந்தக் கூட்டங்களோடு முறைப்படி இணைத்துவிடப்பட்டவர்களில் ஒரு வருஷம் கழித்து முழுக்கக் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்றச் சிகிச்சைகளில் சுமார் 35. இதைப் பெரிய வெற்றி என்று நான் சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் ஆட்கள் சறுக்குகிறார்கள் என்றும்தானே அர்த்தம்? இலவசமாக, வருஷக்கணக்கில் கிடைக்கிற துணை இவ்வளவு செய்கிறது என்பதே எனக்குப் போதும். இந்தக் கூட்டங்களில் வருகிற கடவுள் பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரிக்கவரி என்று 1994இல் தொடங்கிய வேறு குழுக்களும் உண்டு. மருந்தும் உண்டு. தம்பி நால்ட்ரெக்ஸோன் மாத்திரை போடுகிறான், குடிக்கிற ஆசையை அது குறைக்கும். கூட்டத்தில் யாரோ மாத்திரையெல்லாம் எதற்கு என்று சொல்ல, இவன் குழம்பிப்போய் வந்தான். "மருந்தைப் பற்றி மருத்துவர்தான் சொல்ல வேண்டும், நாம் சொல்லக் கூடாது" என்று அவன் வழித்துணை அன்றைக்கே தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்த மனிதர் மேல் என் மதிப்பு இன்னும் கூடியது.

ஐந்தாம் மாதம் அவன் சறுக்கினான். உன்னிடம் சொல்லவில்லை. மூன்று நாள். பழைய நானாக இருந்தால் கதவைச் சாத்தி, மேலாளருக்குப் போன் போட்டு, உனக்கு ஒரு கதை கட்டியிருப்பேன். இந்த முறை அவன் வழித்துணைக்குத் தகவல் சொல்லிவிட்டு, என் கூட்டத்தில் ஒரு தோழியைக் கூப்பிட்டு, விடியும்வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். மேலாளருக்கு நான் பேசவில்லை. நான்காம் நாள் அவனே பேசினான், கை நடுங்க நடுங்க. மருத்துவரிடமும் போனான். அன்று மாலை கூட்டத்தில் எழுந்து மறுபடி முதல் நாள் என்று சொன்னானாம். கைதட்டினார்களாம்.

இன்னும் குடிப்பதை விடாதவர் வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்றும் ஆலோசகரிடம் கேட்டேன், உன் சிநேகிதி வீட்டு விஷயம் மனதில் இருந்தது. ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் குடும்பத்தாருக்காக உருவாக்கிய கிராஃப்ட் என்ற பயிற்சி முறையைச் சொன்னார். குடித்திருக்கும்போது வாதாடாதே, தெளிவாக இருக்கும் நேரத்தில் அன்பாகப் பக்கத்தில் இரு, குடியால் வந்த சேதத்தை நீ துடைக்காதே, அடிதடி வருமென்றால் முதலில் உன் பாதுகாப்பைப் பார், அவர் மனம் இளகுகிற நேரத்தில் சிகிச்சைக்கான வழி கையில் தயாராக இருக்கட்டும். 1999இல் வந்த ஓர் ஆய்வில், இப்படிப் பழகிய குடும்பங்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சையே வேண்டாம் என்றவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அல்-அனான் வழியில் போனவர்களில் அது 13தான். எனக்கு அதில் வருத்தமில்லை. அல்-அனான் அதற்காக ஏற்பட்டதல்ல, எங்களுக்காக ஏற்பட்டது. ஆனால் சிநேகிதிக்கு இப்போது வேண்டியது கிராஃப்ட்தான். சொல்லிவிடு.

குணமாகிவிட்டதா என்றாய். அவனைக் கேட்டால் "இன்றைக்குக் குடிக்கவில்லைக்கா" என்பான். நானும் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அவனை நம்பலாமா என்பதை நீயே வந்து, பார்த்து, உன் வேகத்தில் முடிவு செய். அவனுக்காக இனி நான் உன்னிடம் எந்த உறுதியும் தரப்போவதில்லை.

என் மனதை அறுப்பது வேறொன்று. நான் கூப்பிட்டால் நீ ஹலோ சொல்வதில்லை. "என்ன ஆச்சு?" என்றுதான் எடுக்கிறாய். பகலில் கூப்பிட்டாலும் அப்படித்தான், தம்பி குடியை விட்ட பிறகும் அப்படித்தான். தொலைவில் இருப்பதால் உனக்கு இதெல்லாம் ஒட்டவில்லை என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். நீயும் இந்த வீட்டில்தானே இருந்தாய். படியில் ஏறி வருகிற காலடியைக் கேட்டே அன்றைக்கு ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்கு முன்னால் கண்டுபிடித்தவள் நீதானே. குடும்பத்தாருக்கான கூட்டங்கள் இணையத்திலும் நடக்கின்றன, உன் ஊர் நேரத்துக்கே கிடைக்கும். பெயர் சொல்ல வேண்டாம், பேசவும் வேண்டாம், சும்மா கேட்டுக்கொண்டிரு. ஒன்று பிடிக்காவிட்டால் இன்னொன்று. ஆறு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வோம். உனக்கும் அதையே சொல்கிறேன்.

தம்பி இப்போது, தன்னால் நோகடிக்கப்பட்டவர்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் கூட்டத்தில் பின்பற்றுகிற பன்னிரண்டு படிகளில் எட்டாவது அது. உன் பெயர் அதில் இருக்கும். ஒருநாள் உனக்குக் கடிதம் எழுதுவான். உடனே பதில் போட வேண்டும் என்று இல்லை, போடவே வேண்டும் என்றும் இல்லை.

என் பட்டியல் தனி. போன திங்கட்கிழமை உன் வங்கிக் கணக்கில் ஒரு சின்னத் தொகை வந்திருக்கும். யாரோ தவறுதலாக அனுப்பியது என்று நினைத்துவிடாதே. கூரைக்கு என்று நான் வாங்கிய பணத்தில் முதல் தவணை அது.

அன்புடன்,
அம்மா