இந்த வார வேதபாடம்: சாலொமோன் கட்டிய ஆலயம்

குழுவிலுள்ள சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம்.

இந்த வாரம் 1 இராஜாக்கள் 5 முதல் 7 வரை வாசிக்கிறோம். நீளம் 60 முழம், அகலம் 20 முழம் என்று அளவுகள் வரும் இடங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 6:7இல் மட்டும் நின்று நிதானமாக வாசியுங்கள். கற்கள் பணிதீர்ந்தே வந்து சேர்ந்தன. ஆலயம் எழும்பிய இடத்தில் சுத்தி, வாச்சி எதன் சத்தமும் கேட்கவில்லை. உளியின் வேலையெல்லாம் முன்பே முடிந்துவிட்டது. நம் சபைக் கமிட்டிக் கூட்டங்களின் இரைச்சலைக் கேட்கும்போது, தனி ஜெபத்தில் செதுக்கித் தீர்க்க வேண்டியதை அங்கே சுமந்துவருகிறோமோ என்று எனக்குத் தோன்றும்.

6:11-13ஐயும் தவறவிடாதீர்கள். கட்டட விவரங்களுக்கு நடுவே கர்த்தருடைய வார்த்தை குறுக்கிடுகிறது. கேதுரு மரத்தைப் பற்றியோ பொன்தகட்டைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை. கட்டளைகளின்படி நடந்தால் இஸ்ரவேலின் நடுவே வாசம்பண்ணுவேன் என்பதே செய்தி.

ஆலய வாசலில் நின்ற யாகீன், போவாஸ் என்னும் தூண்கள் 18 முழ உயரம். உச்சியில் லீலிபுஷ்ப வேலைப்பாடு. அத்தனை உயரத்தில் இருப்பதைக் கீழே நிற்பவர் எவ்வளவு பார்த்திருப்பார்? ஆனாலும் செய்தார்கள்.

ஒன்றை மழுப்ப வேண்டாம். ஆலயத்துக்கு 7 ஆண்டுகள், அரசனின் அரண்மனைக்கு 13 ஆண்டுகள். ஆலயத்துக்கான மர வேலைக்கு மாதம் 10,000 பேராக லீபனோனுக்கு அனுப்பப்பட்ட 30,000 பேரும் விரும்பிப் போனவர்கள் அல்லர். சாலொமோனுக்குப் பின் ஜனங்கள் பாரமான நுகத்தைக் குறித்து முறையிட்டது 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதையும் பேசுவோம்.

கேள்விகளைச் சனிக்கிழமைக்குள் குழுவில் எழுதுங்கள். அதுவரை காலை வணக்கப் படங்களைத் தயவுசெய்து தவிருங்கள்.